பத்தில் ஒன்று

சுனாமிக்கு முந்தைய வருஷம், பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி, உலோகத் தகட்டில் வரைந்து தாளில் அடிக்கும் அச்சோவியத்துக்கு முகாம் வைத்தது. நடத்த வந்தவர் சென்னை ஓவியர். அச்சோவியம் படித்துவிட்டு அதே ஊர்ப் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்த என்னை அவருக்கு உதவியாகப் போட்டார்கள்.

அரூப வெளிப்பாட்டுவாதம் என்றால் உருவத்தை விட்டுவிட்டு உணர்ச்சியை வீசுவது என்றார். வீசியும் காட்டினார். கெட்டிச் சர்க்கரைப் பாகில் கறுப்பு மசி கலந்து, பெரிய பிரஷ்ஷை முக்கி, துத்தநாகத் தகட்டைச் சுற்றிச் சுற்றி வந்து விளாசினார். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு உறுமல். மாணவிகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இந்த முறைக்கு உறுமல் தேவையில்லை, பொறுமை போதும். பாகு காய்ந்ததும் மேலே மெல்லிசாக வார்னிஷ் பூசி, தகட்டை வெந்நீரில் போட வேண்டும். சர்க்கரை கரைந்து, பிரஷ் போன இடத்தில் மட்டும் வார்னிஷ் உரியும். அங்கே குங்கிலியத் தூள் தூவி, சூடுகாட்டி, அமிலத்தில் வைத்தால் உலோகம் அரித்து மை பிடிக்கும். கை போன வேகம் அப்படியே தாளில் இறங்கும்.

அவர் ஈரப் பாகை அப்படியே விட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது ஒரு பெண் சொன்னாள்: "சார், எறும்பு மொய்ச்சிக் கெடக்குதுங்க."

"விடும்மா. இயற்கையும் நம்மோட சேந்து வரையுது."

காயாத பாகின்மேல், எறும்போடு சேர்த்து, வார்னிஷை ஊற்றினார். வெந்நீரில் எல்லாம் மொத்தமாகக் கழன்று வந்தது. அமிலம் தகடு முழுக்க அரித்தது. தாளில் விழுந்தது ஒரே கறுப்பு, தீய்ந்த தோசைக்கல் மாதிரி. அதற்கு 'மௌனம்' என்று பெயர் வைத்தார்.

மறுநாள் மதியம் அவர் விருந்தினர் அறையில் தூங்கியபோது நான் ஒரு தகடு செய்தேன். மூன்றே வீச்சு. காயும்வரை விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அச்சு உருளையிலிருந்து தாளை உரித்தபோது பிரஷ்ஷின் மயிர்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

"மிஸ், காத்தடிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் அதே பெண்.

தூங்கி எழுந்து வந்தவர் படத்தைப் பார்த்தார். பென்சிலை எடுத்து, கீழே 1/10 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பத்துப் பிரதிகளில் முதலாவது என்று அர்த்தம்.

"நம்ம முகாமோட வெற்றி இது, இல்லையாம்மா?"

"ஆமாங்க சார்," என்றேன். அவருடைய கையெழுத்தைவிட அந்த 'ங்க'தான் எனக்கு இன்றும் அருவருப்பு.

கடைசி நாள் கண்காட்சிக்கு அரியலூரிலிருந்து ஒரு சிமெண்ட் ஆலை அதிகாரி வந்து, நான் செய்த படத்தைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதுல எது சார் மேல்பக்கம்?" என்றார். "எனக்குள்ள இருந்த புயல் சார் இது. புயலுக்கு ஏது மேல்பக்கம்?" என்றார் ஓவியர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

புறப்படும்போது, மீதி ஒன்பதையும் அடித்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

இனி பிரதி வேண்டாம் என்றால் தகட்டில் குறுக்கே கீறிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். ஆணியால் மூலைக்கு மூலை கீறினேன். பிறகு அந்தத் தகட்டிலேயே ஒன்பது பிரதியும் எடுத்துப் பார்சலில் அனுப்பினேன். கூப்பிட்டுத் திட்டுவார், அப்போதாவது வாயைத் திறப்போம் என்று காத்திருந்தேன்.

கடிதம் வந்தது. அந்தக் குறுக்குக் கோடுதான் படத்தின் உயிராம். எந்தக் கணத்தில் அதைப் போட்டோம் என்றே அவருக்கு நினைவில்லையாம். ஆழ்மனம் அப்படித்தான் வேலை செய்யுமாம்.

ஆசிரியர் அறையில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. "எவ்ளோ பெரிய மனுஷன், ஒங்களுக்குப் போயி லெட்டர் போட்டுருக்காரு," என்றார் கணக்கு வாத்தியார்.