முப்பத்திரண்டாவது கத்தி

என் தங்கை புருஷனுக்கு என்னிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. 'உன் மேல தப்பில்ல' என்று நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதை ஒன்றே முக்கால் வருஷம் சொல்லாமல் இருந்தேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்பது முதலிலேயே தெரிந்துவிடட்டும். பிறகு என்மேல் நல்ல அபிப்பிராயம் வைத்துக்கொண்டு யாரும் ஏமாற வேண்டாம்.

பார்சல் கிடங்கில் அவனுக்குச் 'சாணை' என்று பெயர். மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். நாங்கள் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பார்சல்கள் ஓடிவரும் பெல்ட்டின் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் நின்று அவற்றை ஊர்வாரியாகப் பிரித்தவர்கள். அவன் என் தங்கையைக் கட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான். அதனால் மாப்பிள்ளை மரியாதை எல்லாம் எங்களுக்குள் கிடையாது. அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை வாடா போடா என்பேன்.

மடக்குக் கத்தி என்றால் அவனுக்கு உயிர். பழைய இரும்புக் கடை, மூடப்போகிற கடை, ஓய்வு பெறுகிறவர்களின் மேசை டிராயர் என்று எங்கெங்கோ துழாவி முப்பத்தொரு கத்திகள் சேர்த்திருந்தான். தேதிக்கு ஒன்று. ஐந்தாம் தேதி கத்தி ஐந்தாம் தேதிதான் சட்டைப்பைக்குள் போகும், ஆறாம் தேதி அதற்கு ஓய்வு. முப்பத்தொன்றாம் தேதிக் கத்திக்கு வருஷத்தில் ஏழு நாள்தான் வேலை என்று அதன்மேல் அவனுக்குக் கொஞ்சம் பரிதாபம் உண்டு. கேட்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக் குழாயடியில் கல்லை நனைத்துப் போட்டுக்கொண்டு உட்காருவான். ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. கூர் வந்துவிட்டதா என்று இடது கை முடியில்தான் சோதித்துப் பார்ப்பான். அதனால் அவனுக்கு வலது கையில் காடு, இடது கையில் மொட்டை. "உனக்குக் கை வாடகைக்கு எடுத்ததாடா?" என்று கேன்டீனில் கேட்பேன். சிரிப்பான். அவனை எவ்வளவு கிண்டல் செய்தாலும் கோபம் வராது. அந்தக் குறையை அவனுக்கும் சேர்த்து நானே தீர்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அவனுடைய நாற்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு கத்தி வாங்கிக் கொடுத்தேன். மஞ்சள் பிடி, கண்ணாடி மாதிரி பளபளக்கிற அலகு. அதில் 'மச்சான் தந்தது' என்று எழுத்து வெட்டச் சொல்லி, வெட்டுகிறவன் பக்கத்திலேயே அரை நாள் நின்று வாங்கிவந்தேன். அவன் கையில் வாங்கினான், கட்டைவிரலால் விளிம்பைத் தடவினான்.

"கூர் வாயே வைக்கல மச்சான். இதை வச்சு வெண்ணெய்தான் தடவலாம். ஒரு பத்து நிமிஷம் கல்லுல போட்டுத் தரேன்" என்று எழுந்தான்.

எனக்குச் சுருக்கென்றது. "எழுத்து தேஞ்சு போயிரும்டா. அரை நாள் நின்னு வெட்டிட்டு வந்திருக்கேன். நான் சொல்ற வரைக்கும் இதக் கல்லுல வைக்கக் கூடாது" என்றேன். சரி என்று துணியில் சுற்றி வைத்தான். முப்பத்திரண்டாவது கத்தி. அதற்கென்று தேதி இல்லை.

அதோடு விட்டிருந்தால் தேவலை. நான் விடவில்லை. பஸ்ஸில் ஏறியதும் அவன் பையைத் தட்டிப் பார்ப்பேன். "எங்கடா என் கத்தி? மச்சான் குடுத்தது மட்டும் மட்டமோ?" என்பேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். கடைசியில் ஒரு பத்தொன்பதாம் தேதி காலை, அவனே பையிலிருந்து மஞ்சள் பிடியை எடுத்துக் காட்டினான். "இன்னிக்கு உன் கத்திதான். போதுமா?" என்றான். பத்தொன்பதாம் தேதிக் கத்தி கறுப்புப் பிடி போட்டது, ஒரு வயர்மேனிடம் வாங்கியது. காகிதத்தின் மேல் வைத்தாலே காகிதம் இரண்டாகும். அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பதினோரு மணி இருக்கும். பெரிய பெட்டி ஒன்று கட்டு அவிழ்ந்து வந்தது. அதைச் சுற்றியிருந்த மஞ்சள் நைலான் நாடா என் இடது மணிக்கட்டில் வளையமாக விழுந்தது, மறுமுனை உருளைக்குள் போய்விட்டது. பெல்ட்டை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் அந்தக் கோடியில் இருந்தது. யாரோ அதை நோக்கி ஓடினார்கள். சாணை என் பக்கத்தில் இருந்தான். கண் இமைப்பதற்குள் கத்தியைத் திறந்து நாடாவில் வைத்து இழுத்தான். வழுக்கியது. இன்னொரு தடவை இழுத்தான். நாடாவில் வெள்ளைக் கோடு விழுந்தது, அறுபடவில்லை. அறுக்க அறுக்க என் கை உருளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவன் வாய் விட்டுக் கத்தியதை அன்றுதான் கேட்டேன். பொத்தானை அழுத்தியபோது முழங்கைக்குக் கீழே எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மூன்றாம் நாள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், ஆனால் தூங்கவில்லை.

"கையில கத்தி இருந்தும் ஏன் வெட்ட முடியல?" என்று கட்டிலருகில் நின்ற சாணையைக் கேட்டார்.

"கூர் இல்ல சார். நான்தான் தீட்டாம வச்சிருந்தேன். என் தப்பு" என்றான்.

யார் தீட்ட வேண்டாம் என்றது, யார் அதை எடுத்துவரச் சொல்லி உயிரை வாங்கியது என்பதெல்லாம் அவன் வாயிலிருந்து வரவில்லை. நான் கண்ணைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வலி, மாத்திரை மயக்கம் என்று முதல் வாரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் அது வசதியாகிவிட்டது. போன கைக்கு ஒருவன் பொறுப்பு என்றால், படுத்துக்கொண்டு திட்டுவதற்காவது ஆள் இருக்கிறது. என் மனைவி, "அந்தக் கத்திப் பைத்தியம் இனி இந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது" என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் ஞாயிறுதோறும் வந்து தெருவின் எதிர்ச்சாரியில் நிற்பான். கதவு திறக்காது, போய்விடுவான். ஒரே ஒரு தடவை மருந்துக் கடையில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். "மச்சான், என் மேல கோவமா?" என்று கேட்டான். "முடிஞ்சு போனத ஏன் கிளறுற? விடு" என்றேன். தப்பு செய்தவனிடம்தான் அப்படிச் சொல்வார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன மாதம் தங்கை வந்தாள். என் மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, அவரு வேலைய விட்டு நாலு மாசமாச்சு. காலைல குழாயடியில உட்கார்ந்தா பொழுது சாயுற வரைக்கும் தீட்டிட்டே இருக்காரு. சோறு வச்சா அப்படியே இருக்கு. எனக்குப் பயமா இருக்குண்ணே. நீ வந்து அவரு மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. பொய்யாவாவது சொல்லு."

பொய்யாகவாவது சொல்லச் சொன்னாள். அப்போது எனக்கு வந்த வெட்கத்தை எழுதிக் காட்ட முடியாது. அவளோடு கிளம்பினேன்.

குளியலறை வாசலில், ஈரத்தரையில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கல் நடுவில் குழிந்து தொட்டிலாகியிருந்தது. பக்கத்தில் கத்திகளை வரிசையாகப் பரப்பியிருந்தான். எல்லா அலகும் தேய்ந்து ஈர்க்குச்சிகளாகியிருந்தன. வயர்மேன் கத்தியில் கம்பிதான் பாக்கி. இடது கை முழுக்கக் கீறல்.

கடைசியில் ஒன்று துணி சுற்றி இருந்தது. குனிந்து பிரித்தேன். மஞ்சள் பிடி. மடக்குக் கத்தியைத் திறக்க ஒரு கை பிடியைப் பிடிக்க வேண்டும், மறு கை நகம் கொடுத்து அலகை இழுக்க வேண்டும். என்னால் முடியவில்லை. பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டு இழுத்தேன், வழுக்கியது. அவன் வாங்கித் திறந்து கொடுத்தான். 'மச்சான் தந்தது' எழுத்து அப்படியே இருந்தது. விளிம்பைத் தொட்டேன். அன்றைக்கு எப்படி மழுங்கலாக இருந்ததோ அப்படியே இருந்தது.

"இத மட்டும் ஏன்டா தீட்டல?"

நிமிர்ந்து பார்த்தான். "நீ இன்னும் சொல்லலையே மச்சான்."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அதற்காகத்தான் வைத்திருந்தான்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். தங்கைக்குக் கேட்கும்படியே சொன்னேன். "தீட்டாதேன்னு நான்தான் சொன்னேன். எடுத்துட்டு வா, எடுத்துட்டு வான்னு நான்தான் நச்சரிச்சேன். உன் மேல தப்பே இல்லடா. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் வாய மூடிட்டு இருந்தேன்."

தங்கை கதவைப் பிடித்துக்கொண்டாள். என்னை அவள் பார்த்த பார்வைக்கு நான் லாயக்கானவன்தான்.

அவன் மட்டும், "தெரியும் மச்சான். நீ மறந்துட்டியோன்னு நெனச்சேன்" என்றான்.

"கல்லப் பிடி" என்றேன். ஒற்றைக் கைக்காரன் தீட்டினால் கல் நகரும். அவன் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். நான் தேய்த்தேன். சாய்வு தப்பிக் கத்தி இங்கும் அங்கும் போயிற்று. எழுத்தின்மேல் கோடு கோடாகக் கீறல் விழுந்தது. "இன்னும் படுக்க வை" என்று மெதுவாகச் சொன்னான். பத்து நிமிஷம் இருக்கும்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து எதையோ எடுத்துவந்தான். ஒரு முழம் மஞ்சள் நைலான் நாடா, நடுவில் அன்றைக்கு விழுந்த வெள்ளைக் கோடுகள். அதன் இரண்டு முனையையும் பிடித்து என் முன்னால் நீட்டினான். வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அவன் கை இறங்கவில்லை. கத்தியை வைத்து இழுத்தேன்.

ஒரே இழுப்பில் அறுந்தது.

இரண்டு கையிலும் இரண்டு துண்டாக அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பத்து நிமிஷ வேலை மச்சான்" என்றான். அதற்கு அப்புறம்தான் அழுதான். கையிலிருந்த கத்தியை மடக்கினால்தான் அவனைப் பிடிக்க முடியும். அதை மடக்கவும் எனக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது.