பஞ்சாரத்துக்குள் ஒரு நாய்

எழுபதுகளின் தொடக்கத்தில் காரிமங்கலத்தில் மாமனார் வீட்டில் இருந்துகொண்டு தருமபுரிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன். எங்கள் பெட்டை நாய்க்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. பெங்களூர் சாலையில் லாரி தட்டிவிட்டுப் போக, மனைவி அதைச் சாக்கில் கிடத்தித் தூக்கிவந்தாள். ரத்தம் இல்லை. பின்னங்கால் ஒன்று இடுப்பிலிருந்து விலகித் தொங்கியது.

மாலையில் நான் வீடு திரும்புவதற்குள் வைத்தியம் முடிந்திருந்தது. உழவு மாட்டுக்குச் சப்பை எலும்பு பிசகினால் செய்வதையே மாமனார் நாய்க்கும் செய்திருந்தார். இடுப்பு மூட்டின் மேல் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பெருக்கல் குறி போல இரண்டு சூடு. முடி கருகிய நாற்றம் வாசல்வரை வந்தது.

“மாடு எந்திரிக்குதில்ல மாப்ள? இதுக்கு மட்டும் வேற எலும்புங்களா?” என்றார்.

அது எழுந்திருக்கவில்லை. மறுநாள் நானும் மனைவியும் தருமபுரி கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். “மடியில வெச்சிக்கிட்டா கொழந்தை, கீழ வுட்டா லக்கேஜுங்க” என்றார் கண்டக்டர்.

மருத்துவர் விரலால் அழுத்திப் பார்த்தார். “மூட்டுப் பந்து கிண்ணத்தை விட்டு வெளிய வந்திருக்கு. கிண்ணத்து விளிம்பும் ஒடஞ்சிருக்கு. இழுத்து வெச்சாலும் நிக்காது. பந்தை அறுத்து எடுத்துட்டா சதையே புடிச்சிக்கும். கொஞ்சம் நொண்டும், வலி இருக்காது.” பிறகு இடுப்பில் நாங்கள் சுற்றியிருந்த துணியை விலக்கினார். “இது யார் வேலை?”

“எங்கப்பாங்க” என்றாள் மனைவி.

“நான் கத்தி வெக்க வேண்டிய இடமே இதுதாம்மா. புண்ணு மேல வெட்டினா சீழ் உள்ள எறங்கிடும். ஆறட்டும். ஆனா ஆறுறதுக்குள்ள தொடை சூம்பிட்டா, புடிச்சிக்கச் சதை இருக்காது.” கை கழுவிக்கொண்டே சொன்னார்: “நாய்க்கு நான் இதைப் பண்ணதில்ல. படிக்கிறப்ப பாத்திருக்கேன். மயக்கத்துலருந்து எந்திரிக்கும்னும் சொல்ல முடியாது. வேண்டாம்னா மூணு கால்ல கெடக்கும், வலியோட.”

புண் ஆறும்வரை அசையக்கூடாது. கோழி கவிழ்க்கும் மூங்கில் பஞ்சாரத்தை நாயின் மேல் கவிழ்த்து, அதன் மேல் அம்மிக்கல்லை வைத்தோம். மூங்கில் இடுக்கில் மூக்கு மட்டும் வெளியே தெரியும். யாராவது நடந்தால் கண்கள் இடுக்கு இடுக்காக மாறிக் கூடவே வரும்.

அறுவை என்ற பேச்சை எடுத்தாலே மாமனார் எழுந்து கொல்லைக்குப் போவார். “சூடு புடிக்கட்டும்” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் வீட்டில் இருந்துகொண்டு நானும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் எதைச் சொல்வது? மயக்கத்தில் அது செத்துப்போனால் கொண்டுபோனவன் நான். வேலை முடிந்து பஸ் ஏறும்போதே அந்த மூக்கு நினைவுக்கு வரும்.

காலையில் மனைவி கல்லை இறக்கி, நாயின் தொடையைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் சுற்றிப் பிடித்துப் பார்ப்பாள். முதலில் விரல்கள் எட்டவில்லை. பிறகு நெருங்கின. புண் கறுத்துப் பொருக்குத் தட்டிய ஒரு காலையில் இரண்டு விரல் நுனிகளும் தொட்டுக்கொண்டன. அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னாள்: “இன்னும் காத்துக்கிட்டிருந்தா புடிச்சிக்க ஒண்ணும் இருக்காதுங்க.”

மாமனார் களியை விழுங்கினார். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “தூக்கிட்டுப் போங்க” என்றார்.

நாய் பிழைத்தது. தையல் பிரித்த அன்று மருத்துவர், “இனி அடைக்காதீங்க. நடந்தாத்தான் மூட்டு உருவாகும்” என்றார். மாமனாரே பஞ்சாரத்தைத் தூக்கிக் கொல்லையில் கோழிகளுக்குப் போட்டார். மண் தரையில் அதன் விளிம்பு பதிந்த வட்டம் மட்டும் இருந்தது. நாய் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கூப்பிட்டால் வாலை ஆட்டியது, வெளியே வரவில்லை.

மனைவி களித் தட்டை வட்டத்துக்கு அப்பால், சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்த நாய் எழுந்தது. இடுப்பு ஒருபக்கம் சரிய, நான்காவது காலின் விரல்கள் தரையைத் தொட்டன.

“ஊனுது பாரு” என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல்.

தட்டை நக்கி முடித்துவிட்டு, நான்கு காலாலும் நடந்து திரும்பி வந்து, வட்டத்துக்குள் படுத்துக்கொண்டது.