இரண்டு துப்பாக்கிக்கு ஒரே டை

காத்திருக்கத் தெரியாத ஆள் நான். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பிப்பேன். பாதி வழியில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போகும். அப்படிப்பட்டவன் எழுபதுகளின் கடைசியில் நான்கு மாதம் ஒரு டைக்காகக் காத்திருந்தேன்.

கழுத்தில் கட்டுகிற டை இல்லை. இது உருக்கில் கடைந்த சின்ன உருளை. தோட்டாவைச் சுட்டதும் அதன் பித்தளைக் கூடு கொஞ்சம் வீங்கிவிடும். டையைப் பிரஸ்ஸில் மாட்டி, கூட்டை அதற்குள் அழுத்தி எடுத்தால் பழைய அளவுக்கு வரும். மறுபடி மருந்தும் குண்டும் வைக்கலாம். வெளிநாட்டுத் தோட்டா வருவது நின்றுபோயிருந்த காலம் அது. எங்களிடம் இருந்தவை மொத்தம் நாற்பது கூடுகள்.

எங்களிடம் என்றால், என்னிடமும் அக்காவிடமும். ஏற்காட்டில் காப்பித் தோட்ட மேனேஜராக இருந்த அப்பா ஒரே ரகத்தில் இரண்டு ரைஃபிள் வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து ஆளுக்கொரு லைசென்ஸ் வாங்கினோம். வேட்டைக்குத் தடை வந்துவிட்டதால் கிளப்பில் காகித இலக்கைச் சுடுவதோடு சரி. நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அளவு பார்க்கிற புத்தி இருந்ததால் தோட்டா கட்டும் வேலை என்னுடையது. அக்கா ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சுடுவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

அப்பாவின் பழைய டை உட்புறம் துருப்பிடித்துக் கூடுகளைக் கீறத் தொடங்கியிருந்தது. எங்கள் பங்குச் சாமியார் அப்போது படிப்புக்காக அமெரிக்காவில் இருந்தார். அவருக்கு எழுதிக் கேட்டேன். கொண்டுவருகிறேன், ஆனால் சுங்கத்தில் பதில் சொல்லப்போகிறவன் நான், அதனால் ஒன்றே ஒன்றுதான், எது வேண்டும் என்று தெளிவாக எழுது என்று பதில் வந்தது.

அங்கேதான் சிக்கல். டையில் இரண்டு வகை உண்டு. ஒன்று கூட்டை முழுவதுமாக அழுத்தும். அதில் அழுத்திய கூடு அந்த ரகத்து எந்தத் துப்பாக்கியிலும் நுழையும். இன்னொன்று கூட்டின் கழுத்தை மட்டும் பிடிக்கும். உடம்பு, எந்தத் துப்பாக்கியில் சுட்டோமோ அதன் அளவிலேயே நிற்கும். அதனால் அந்தத் துப்பாக்கியில் கச்சிதமாக உட்காரும், குறி சுத்தமாக விழும், பித்தளையும் கூடுதல் நாள் உழைக்கும். ஆனால் வேறு துப்பாக்கிக்கு ஆகும் என்று சொல்ல முடியாது. அக்காவுடைய துப்பாக்கியில் தோட்டா உட்காரும் இடம் என்னுடையதைவிட ஒரு முடி அளவு இறுக்கம். அவளுடைய கூடு என்னுடையதில் போகும். என்னுடையது அவளுடையதில் போகாது. கூடுகள் கலந்துபோனால் அடி விழுவது அவளுக்கு மட்டும்தான்.

இதை யோசித்துக்கொண்டே அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு ரோட்டில் போவதும் வருவதுமாக ஒரு வாரம் நடந்தேன். கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

"ரெண்டுல எதுடா நல்லது?" என்று அக்கா கேட்டாள்.

"கழுத்தை மட்டும் பிடிக்கிறதுதான்க்கா. குறி நல்லா வரும்."

"அப்ப அதையே எழுது. உனக்குத் தெரியாததா?"

கலந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

டை வந்தது. இரண்டு துப்பாக்கியிலும் இருபது இருபது சுட்டுக் கூடுகளைத் தனித்தனிப் பெட்டியில் வைத்தேன். அவளுடையவற்றின் அடியில், அவள் பரீட்சைத்தாள் திருத்தும் சிவப்பு மையால் பொட்டு வைத்தேன். யாருடையது என்பதற்கான அடையாளம் என்று மட்டும் அவள் நினைத்துக்கொண்டாள்.

ஈஸ்டர் கழிந்து அக்காவுக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கமானவர்கள், ஆனால் துப்பாக்கி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெண்ணந்தூர் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் அடியில் நடக்கவிருந்த தேர்வுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து ஒரே ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அவளை விட்டால் அடுத்த ஆள் நான்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் நாமக்கல்லிலிருந்து வந்தேன். கிணற்றடியில் முறத்தில் நாற்பது கூடுகளும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"புளி போட்டுத் தேய்ச்சேன்டா. குத்துவிளக்காட்டம் ஆயிடுச்சு பாரு," என்றாள் அக்கா.

"பொட்டு எங்க?"

"அது போயிடுச்சு. அதனால என்ன, ஆளுக்கு இருபது எண்ணி எடுத்துக்கலாம்."

"எண்ணினா ஆச்சா? என் சாமானை யாரு தொடச் சொன்னது?" என்று கத்தினேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "ஏன் சாமி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.

காலிக் கூடுகளை ஒவ்வொன்றாக அவள் துப்பாக்கியில் போட்டுப் பார்த்திருந்தால் எது எதுவென்று தெரிந்திருக்கும். அரை மணி நேர வேலை. நான் செய்யவில்லை. பசி, கோபம், விடியற்காலை பஸ் என்று பின்னால் எனக்கு நானே நிறையக் காரணம் சொல்லிக்கொண்டேன். எதுவும் உண்மை இல்லை. கலந்தது கலந்ததாகவே இருக்கட்டும் என்று எனக்குள் ஒன்று சொன்னது. அது எனக்கு நன்றாகவே கேட்டது. நாற்பதையும் கழுத்து பிடித்து, மருந்து நிரப்பி, ஆளுக்கு இருபதாகப் பெட்டியில் அடுக்கினேன்.

மறுநாள் அக்கா முதலில் சுட்டாள். நான்கு குண்டும் நடுவட்டத்தில். ஐந்தாவது தோட்டா உள்ளே போகாமல் நின்றது. எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைப் போட்டாள். அதுவும் நின்றது. பக்கத்தில் நின்ற கிளப் செயலாளர் குனிந்து, "ஏனுங்க டீச்சர், அடைக்குதுங்களா? நேரம் போயிட்டிருக்குதுங்க," என்றார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கரட்டைப் பார்த்தேன். இருபதில் ஒன்பது நுழையவில்லை. நேரம் முடிந்தது.

பிறகு நான் சுட்டேன். ஒன்றும் அடைக்கவில்லை. என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மெட்ராஸ் போய்க் கடைசியிலிருந்து ஐந்தாவதாக வந்தேன்.

தேர்வு முடிந்து திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உட்கார முடியவில்லை. சீட் காலியாக இருந்தும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மல்லூர் தாண்டியதும், "தம்பி," என்றாள். "உன்னைக் கேக்காம கழுவினது என் தப்புதான். என்னால உன்னோடதும் அடைச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? மனசுல வெச்சுக்காதடா."

"பரவால்லக்கா, விடு," என்று நான் அவளை மன்னித்தேன்.