சத்தம் போடுற கேமரா

மருமகளுக்குக் குறும்படம் எடுக்க ஆசை. கையில் இருக்கிற காசுக்கு ஏற்ற வீடியோ கேமரா பார்க்க, பழைய சாமான் கடைக்கு என்னையும் கூட்டிப்போனாள்.

"இது விலை கம்மிம்மா. கேசட் ஓடும்போது கொஞ்சம் சத்தம் வரும், அவ்ளோதான்" என்று கடைக்காரர் ஒன்றை ஓடவிட்டார்.

கிர்ர்ர்... எனக்கு ஏழு வயசாகிவிட்டது.

விடிகாலையில் எங்கள் தெரு நீளத்துக்கும், தறியில் ஏற்றப்போகிற பட்டுப் பாவு நீட்டியிருக்கிறார்கள். கஞ்சி வாசனை. இளவெயிலில் நூலெல்லாம் தண்ணீர் மாதிரி மினுங்குகிறது. நான் அம்மா பக்கத்தில், நூலைத் தாங்குகிற ஒரு கோலை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கோயில் பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், சாவி கொடுத்து ஓட்டுகிற சினிமா கேமராவை எங்கள் பக்கம் திருப்புகிறார். கிர்ர்ர்...

வெட்கம் தாங்காமல் கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். நூல் சிக்கிக்கொண்டது. அப்பா கத்தினார். அம்மாவோ சிரித்தபடி கையை நீட்டி, "வாடி இங்க! அது இன்னா கடிக்கவா போவுது?" என்றாள்.

நான் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. எந்த ஊரிலோ, யார் வீட்டிலோ இருக்கிற அந்தப் படத்தில் மட்டும் அம்மா இன்னும் கையை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் நான் இருக்கமாட்டேன்.

"இன்னா அத்தை, இன்னிக்கு முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடல?" மருமகள் கேமராவை என் பக்கம் திருப்பியிருந்தாள்.

"இதையே வாங்கிக்கம்மா" என்றேன்.

கிர்ர்ர் என்று ஓடியது. கையில் கோல் இருப்பதுபோல் அசையாமல் நின்றேன்.