வேப்பிலை கட்டிய கூப்பு

எங்கள் வீட்டில் மாமா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பு ஜாஸ்தியாகிவிடும். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்தான் அவர். காட்டிலாகாவில் கார்டு. செங்கம் ரோட்டை ஒட்டிய காப்புக்காட்டில் ஒரு பகுதியைக் கூப்பு என்று வெட்டுக்கு ஏலம் விட்டார்கள். காண்ட்ராக்டர் வந்து மரங்களை ஒட்ட வெட்டி, விறகாக லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மிச்சம் வெறும் கட்டைகள். வெட்டின காட்டில் ஆடு நுழையக் கூடாது என்றது சட்டம். முதலில் நுழைந்தது எங்கள் ஆடு. தங்கச்சி வீட்டு ஆடு என்று தெரிந்தே மாமா அதை, அபராதம் கட்டி மீட்க வேண்டிய பவுண்டுப் பட்டியில் அடைத்தார். அம்மா அவர் வாசலுக்குப் போய் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

எனக்கு அறுந்தது அத்தை கையால் கிடைத்த வேர்க்கடலை உருண்டை. சொந்தபந்தம் போகலாம், உருண்டை போகலாமா? நான் திருட்டுத்தனமாகப் போய்வந்துகொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு வருஷமும் மழை ஏமாற்றியது. கட்டைகள் மொட்டையாகவே நின்றன. அதற்கடுத்த ஐப்பசியில்தான் நன்றாகக் கொட்டியது. மழை விட்டதும் ரேஞ்சர் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. காடு தானாகத் திரும்புகிறதா என்று அவர் கணக்கெடுப்பார். இல்லையென்றால் டிராக்டர் விட்டு உழுது தைல மரம் வைத்துவிடுவார்கள்.

மாமா அத்தையிடம் புலம்பியது, உருண்டையோடு உட்கார்ந்திருந்த என் காதிலும் விழுந்தது. "தைலம் வெச்சுட்டாங்கன்னா, நான் கூடப்பொறந்தவளப் பகைச்சுக்கிட்டதே வீணாப்பூடும்டி."

காட்டைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன். எனக்கு அப்போது வயது பத்து. கணக்கில் மக்கு, மற்ற பாடங்களில் அதைவிடக் கொஞ்சம் மோசம். அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயில் வேம்பில் ஏறிக் கொத்துக் கொத்தாக ஒடித்தேன். கட்டைகளின் உச்சியில் இருந்த வெடிப்புகளில் ஒவ்வொன்றாகச் செருகினேன். எந்த இடத்தில் வெட்டினார்களோ அந்த இடத்தில்தானே முளைக்கும்? தள்ளி நின்று பார்த்தேன். காடு வந்துவிட்டது. எனக்கே கண் கலங்கியது.

மறுநாள் காலை ஜீப்பில் ரேஞ்சர் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. நான் துளிர்க்க வைத்த காடு மொத்தமும் வாடிச் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ரேஞ்சர் ஒரு கொத்தை உருவிப் பார்த்தார். "இன்னாய்யா இது, காப்பு கட்டியிருக்கீங்க? கூழு எப்ப ஊத்தறீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். என் சட்டைப் பையிலிருந்து ஒரு வேப்பங்கொத்து அவர்கள் இருவரையும் பார்த்தது.

"டேய், இது துரிஞ்சி மரத்துக் கட்டைடா. இதுல வேப்பிலை துளுத்தா ரேஞ்சர் எதுக்கு, பூசாரி போதும். போ, எல்லாத்தையும் புடுங்கு," என்றார் ரேஞ்சர்.

பிடுங்கினேன். செருகும்போது காட்டிய பக்தியில் ஒன்று மட்டும் இறுகிப்போயிருந்தது. கட்டையில் காலை உதைத்து இழுத்தேன். கொத்தோடு உருண்டு புல்லில் குப்புற விழுந்தேன். மூக்குக்கு நேரே, கட்டையின் அடியில், தாமிர நிறத்தில் பிஞ்சுத் துளிர்கள்.

"சார்! கீழ இருக்குது சார்!"

ரேஞ்சர் மண்டியிட்டார். பிறகு கயிற்றால் தரையில் சதுரம் போட்டு, புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தார். உயிரோடு இருக்கிற கட்டை எது, செத்தது எது, விதையிலிருந்து முளைத்தது எது என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டே நகர்ந்தார். ஒரு சின்னக் கன்றைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"இத பார்றா, குருவி வெச்ச வேம்பு. நீ வெச்சத விட நல்லாவே இருக்குது."

அப்புறம் துளிர்களின் நுனியைத் தடவித் தடவிப் பார்த்து மாமாவிடம் திரும்பினார். "சுத்திலும் ஆடு வெச்சிருக்கிற ஊரு. ஒரு நுனி கூடக் கடிபடலியே. எப்பிடிய்யா காவல் காத்தே?"

"ஏதோ... நம்மால முடிஞ்சதுங்க," என்றார் மாமா. அவர் பார்க்க வேண்டிய காடு மலைக்கு அந்தப்பக்கம் வரைக்கும் இருந்தது. இந்தப்பக்கம் எப்போதாவது வருவார். வந்தால் புளியமரத்தடியில் தூங்குவார். அவருக்கே புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

"உழ வேணாம். அப்பிடியே வுட்டுடுங்க. அதுவா வந்துடும்," என்று சொல்லிவிட்டு ரேஞ்சர் ஜீப்பில் ஏறினார்.

தடையை மறந்து, "மாமா ஜெயிச்சுட்டாரு!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். அம்மா ஆடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். திட்டவில்லை.

"நுனி கடிபடலன்னா சொன்னாரு?" என்றாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பிறகு, "அந்தாளுக்கு வந்த யோகத்தப் பாரு," என்று முணுமுணுத்துவிட்டு ஆடுகளை ஏரிப்பக்கம் திருப்பினாள்.

கூப்பு எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. ஏரிக்கு வெயிலில் வெகுதூரம் நடக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா தன் ஆடுகளைக் காட்டுப்பக்கம் ஓட்டினாள். அம்மா தெருவே அதிரக் கத்தினாள்.

"ஏய்! அந்தப்பக்கம் போன, கால ஒடிச்சுடுவேன். அந்தாளு மூஞ்சியில யாரும் முழிக்கக் கூடாது!"

"மூணு வருசமா தெனம் இதே ரோதனை," என்று அக்கா சலித்துக்கொண்டே ஆடுகளைத் திருப்பினாள். அவளுக்குப் பின்னால் வந்த இன்னும் இரண்டு வீட்டு ஆடுகளும் திரும்பின.

ஒரு மனிதர் மேல் இருக்கிற கோபத்தில் ஊர் ஆடுகளையே திருப்புகிறாளே, அம்மாவுக்கு எவ்வளவு பெரிய கோபம் என்று பெருமைப்பட்டுக்கொண்டே நானும் ஏரிக்கு நடந்தேன்.