பூச்சின் மேல் எடுத்த அளவீடு

“பேரிங் போச்சு சார். பிளோயர நிறுத்துங்க” என்றார் விசுவநாதன்.

ஆயுத பூசை விடுமுறை முடிந்து ஆலை திறந்த காலை அது. திருவாண்டார்கோயிலை அடுத்த அந்த ஆலையில், உலர்த்தும் பிரிவில் காற்றை ஊதும் பெரிய பிளோயர் எதிரே ஆலை மேலாளருடன் நின்றிருந்தோம். எந்திரங்களின் அதிர்வை அளந்து பழுதை முன்கூட்டியே கண்டறியும் பணியில் விசுவநாதனும் நானும் நெடுங்காலத் தோழர்கள். அவருடைய கருவித் திரையில், உயர் அதிர்வெண் பகுதியில், வைக்கோற்போர் போல ஒரு மேடு எழுந்திருந்தது. பேரிங் சிதையும்போது அத்தகைய மேடு தோன்றுவதுண்டு.

அந்தப் பேரிங்கைப் பூசைக்குச் சற்று முன்னர்தான் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். பொருத்தியவர் வில்லியனூரைச் சேர்ந்த ஒப்பந்த ஃபிட்டர் ஏழுமலை. மேலாளர் அவரை வரவழைத்தார்.

“இன்னாய்யா ஏழுமலை, புது பேரிங்கு அதுக்குள்ள போச்சாம். சுத்தியால அடிச்சு ஏத்தினியா?”

“அய்யோ, இல்ல சார். ஹீட்டர்ல சூடு பண்ணித்தான் ஏத்தினேன். சத்தம்கூட வரலியே சார்.”

“சத்தம் வந்தப்புறம் சொல்றதுக்கு இவங்க எதுக்கு? கேட் பாஸ குடுத்துட்டு வூட்டுக்குப் போ. வேற ஆள வெச்சு கழட்டிக்கிறேன்.”

ஏழுமலை சட்டைப்பையிலிருந்து பாஸை எடுத்துக் கொடுத்தார். ஆனால் போகவில்லை, விசுவநாதனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விசுவநாதன் கவனக்குறைவானவர் அல்லர். பழைய பேரிங் சிதையத் தொடங்கியதை, எவர் செவிக்கும் எட்டாத நிலையிலேயே கண்டுபிடித்து அந்த ஆலையைக் காத்தவர் அவர்தாம். அந்த வெற்றியே இப்போது அவர் கண்ணை மறைத்தது. எப்போதும் மோட்டாரில் தொடங்கி வரிசையாக அளப்பவர், அன்று நேரே அதே இடத்துக்குச் சென்றார். முன்பு கண்டது போன்ற மேடு தெரிந்ததும் அளப்பதை நிறுத்திவிட்டார்.

“மோட்டாரையும் அளந்துடு விசு. ரிப்போர்ட்டுக்கு வேணுமே” என்றேன்.

“அதுக்கு ஒண்ணும் இருக்காதுபா” என்றபடியே, அதிர்வை உணரும், காந்த அடியுடைய சென்சாரை மோட்டாரின் மேல் வைத்தார். அங்கும் அதே மேடு. மறுமுனையில் வைத்தார். அங்கும் அதே.

“இன்னா சார், மோட்டாரையும் நான்தான் கெடுத்தேனா?” என்றார் ஏழுமலை.

விசுவநாதன் சென்சாரை விரல் நுனியால் மெல்லத் தள்ளினார், அது ஆடியது. எடுத்துப் பார்த்தார், காந்தத்தின் அடியில் பச்சை வண்ணம் ஒட்டியிருந்தது. பூசைக்காக எந்திரங்கள் அனைத்துக்கும் தடிப்பாகப் பூசியிருந்தார்கள். அளக்கும் இடங்களும் அதில் மறைந்துபோயின. இரும்பை இறுகப் பற்ற வேண்டிய காந்தம் பூச்சின் மேல் தளர்ந்து அமர்ந்திருந்தது. திரையில் தெரிந்தது சென்சாரின் தடுமாற்றமே.

ஏழுமலையிடம் சுரண்டியை வாங்கி, இரும்பு தெரியும்வரை தாமே சுரண்டினார். மீண்டும் மோட்டாரையும் பிளோயரையும் அளந்தார். மேடு மறைந்திருந்தது.

“பேரிங் நல்லாருக்கு சார். நான் பெயிண்ட அளந்துட்டு இவரு மேல பழியப் போட்டுட்டேன். தப்பு என்னுது” என்றார் மேலாளரிடம். மேலாளர் பாஸை ஏழுமலையிடம் திருப்பி நீட்டினார்.

“அவ்வளவு தேர்ந்தவர் எவ்வாறு தவறினார்?” என்று இளம் பொறியாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. புதியவன் தன் கையையும் கருவியையும் ஐயுறுவான். தேர்ந்தவனோ எந்திரத்தை மட்டுமே ஐயுறுவான். ஆகவே, பழுது கண்டதாகத் தோன்றினால், பழுதில்லை என்று நீங்கள் நம்பும் இடத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கும் அதே பழுது தெரிந்தால், எந்திரத்தைக் கழற்றுமுன் சென்சாரைப் பாருங்கள்.

அடுத்த பூசைக்கு வண்ணம் பூசியபோது ஏழுமலை உடனிருந்து, ஒவ்வொரு பேரிங்கின் உறை மீதும் நாணய அளவு இடத்தைப் பூசாமல் விடச் செய்தார்.

“மொட்டையா வுட்டா அசிங்கமா இருக்குமேப்பா!” என்றார் பெயிண்டர்.

“வுடுபா, நான் பாத்துக்கிறேன்.”

விடுமுறை கழிந்து நாங்கள் சென்றபோது, அந்த வெற்றிடங்கள்தோறும் சந்தனமும் குங்குமமும் இடப்பட்டிருந்தன. விசுவநாதன் கைக்குட்டையை எடுத்தார். மோட்டாரில் தொடங்கி, ஒவ்வொரு பொட்டையும் துடைத்துத் துடைத்து அளந்துகொண்டு வந்தார்.