கழலை போன பிறகு

என் மனைவிக்குக் கழுத்தில் ஒரு கழலை இருந்தது. கல்யாணத்தின்போது எலுமிச்சம்பழ அளவு. இரண்டாவது பெண் பிறந்த பிறகு அது வளர்ந்து, மூச்சை அழுத்தத் தொடங்கியது. மெட்ராஸுக்கு அழைத்துப் போய் ஆபரேஷன் செய்து, தையல் பிரித்து, செஞ்சிக்குக் கூட்டி வந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. கடைத்தெருவில் எங்கள் மளிகைக்கடை. அதன் பின்கட்டுதான் வீடு. வந்ததும் அவள் கண்ணாடி முன் நின்று வெறும் கழுத்தைத் தடவித் தடவிச் சிரித்தாள். ஒரு கண்டம் தாண்டிவிட்டோம் என்றிருந்தது எனக்கு.

இரண்டொரு நாளில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுவதுபோல் இருக்கிறது என்றாள். விரல் நுனி மரத்துப்போகிறது என்றாள். "கத்தி பட்ட ஒடம்பு, அப்டித்தான் இருக்கும்" என்றார், துணைக்கு வந்திருந்த மாமியார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரு காலை, பெரியவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் வீரிட்டாள். நான் கல்லாவை விட்டு உள்ளே ஓடினேன். சீப்பு கீழே கிடந்தது. அவளுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கி, விபூதி எடுக்கப் போவதுபோல் ஐந்து விரல்களும் ஒன்றாகக் குவிந்து, விறைத்து நின்றன. கட்டைவிரல் உள்ளே போய்விட்டிருந்தது. பாதங்களும் கீழ்நோக்கி வளைந்தன.

"இன்னாங்க, என் கைய நான் மடக்கலிங்க. அதுவா மடங்குது. பிரிச்சு உடுங்க."

பிரிக்கப் பார்த்தேன். அரிசி மூட்டையைத் தனியாளாகத் தூக்கும் கை என்னுடையது. அவளுடைய ஒரு விரலை நிமிர்த்த முடியவில்லை. வலியில் அவள் கத்த, நான் விட்டுவிட்டேன்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "காத்து கருப்பு அண்டிடுச்சு மாப்ள! பூசாரிய இட்டுக்கினு வாங்க!" தெருவே உள்ளே வந்துவிட்டது. யாரோ வேப்பிலை கொண்டுவந்தார்கள், யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து அவள் மூச்சு வாங்க வாங்க, விரல்கள் இன்னும் இறுகின. தொண்டையிலிருந்து சேவல் கூவுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

மாட்டுவண்டியில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் மெல்லத் தட்டினார். தட்டும்போதெல்லாம் அவள் உதடு அந்தப் பக்கமாக வெட்டி இழுத்தது.

"பயப்படாதம்மா. மெதுவா மூச்சு உடு. வேகமா உட்டா இன்னும் இழுக்கும்" என்றவர், கால்சியம் ஊசியை ரத்தக்குழாயில் ஏற்றத் தொடங்கினார். ஒரே மூச்சில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும் என்று துளித்துளியாக. "ஒடம்பெல்லாம் சூடா ஓடுது" என்றாள். சற்று நேரத்தில் கட்டைவிரல் அசைந்தது. பிறகு மற்ற விரல்கள், ஒவ்வொன்றாக.

வெளியே வந்து டாக்டர் எனக்குச் சொன்னார்: "கழலைக்குப் பின்னால அரிசி மாதிரி நாலு சுரப்பி இருக்குது. ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து கொறையாம அதுங்கதான் பாத்துக்கும். இந்தம்மாவுக்கு அது கழலையோட போயிருக்கலாம், இல்ல அடிபட்டிருக்கலாம். அந்தச் சத்து கொறஞ்சா நரம்பு சும்மா இருக்காது. தசையப் புடிச்சு இழுக்கும்."

"எலும்பு பூராவும் சுண்ணாம்புதான சார்? அதுல இருந்து வராதா?"

"இருக்குது. வேணும்கறப்ப எடுத்துக் குடுக்க அந்தச் சுரப்பி சொல்லணுமே."

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கூடுதலாகப் போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரையும் வைட்டமினும் எழுதிக் கொடுத்தார். குறைந்தால் கை மடங்கும். கூடினால் வாந்தி வரும், தாகம் எடுக்கும், சிறுநீரகத்தில் கல் விழும். நடுவில் நிற்க வேண்டும். "எவ்ளோ நாளைக்கு?" என்றேன். "ஆயுசுக்கும்" என்றார்.

ஆக, அந்த அரிசி மணிகள் யாருக்கும் தெரியாமல் செய்துவந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது. நாங்கள் அதைச் சரியாகச் செய்ததே இல்லை. ஒரு வாரம் அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பாள். மறுவாரம் பேச்சின் நடுவே உதட்டைத் தொட்டுப் பார்ப்பாள். ஐப்பசியில் ஒருமுறை ஏரி உடைந்து ரோடு அறுந்து, பாண்டிச்சேரியிலிருந்து மருந்து வரவில்லை. டாக்டரிடமும் ஊசி தீர்ந்துபோயிருந்தது. கேழ்வரகுக் கூழும் மோரும் கொடுத்துப் பார்த்தோம். அவள் கைகள் மடங்கின.

இந்த முறை அவள் கத்தவில்லை. "புள்ளைங்கள வெளிய இட்டுக்கினு போவச் சொல்லுங்க. நீங்க மட்டும் இருங்க" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். நிமிர்த்த முயலக் கூடாது என்பதுதான் நான் கற்றிருந்த ஒரே வைத்தியம். மெதுவாக மூச்சு விடச் சொல்லி, நானும் அவளோடு சேர்ந்து விட்டேன். மறுநாள் பகலில் பஸ் வந்தது, மருந்தும் வந்தது.

நாற்பது வயதுக்கு முன்பே அவள் கண்களில் புரை விழுந்தது. அதுவும் இதனால்தான் என்றார்கள். நாங்கள் அதையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். கடைத்தெரு மேடுபள்ளத்தில் தடுமாறாமல் இருக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.